ஆடி வரட்டும் என்றேன்

சித்திரையிலேயே என் வீட்டுக்காரர் புலம்ப ஆரம்பித்துவிட்டார். டிவி மங்கிப் போய்விட்டதாம். கிரிக்கெட்டில் பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லையாம். எனக்கோ பளிச்சென்று தெரிந்தது. மனுஷன் புது டிவிக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன். மாடி வீட்டில் அப்போதுதான் சுவரை அடைத்துக்கொண்டு ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஆசை வராமல் இருக்குமா?

ஆடி வரட்டும் என்றேன். மந்தைவெளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் மிக்சி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் நான் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் வாங்கியதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. பொறுக்கத் தெரியாதவர்கள்தான் வைகாசியில் போய் வாங்குவார்கள் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வேன்.

அவர் மல்லுக்கு நிற்கவில்லை. நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆனி முடிவதற்குள் திரையில் மூக்கு இடிக்காத குறைதான். சின்னக் குழந்தையா நீங்கள் என்று கத்தினேன். காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார், அதற்கும் கத்தினேன். என் வாய் அப்படி. இப்போது அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். உள்ளே நுழையவே முடியாத கூட்டம். இரண்டாவது மாடியில் சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே பச்சைக்கிளி. நான் சைஸ், வாரன்டி, எக்ஸ்சேஞ்ச் என்று விற்பனையாளரைக் குடைந்துகொண்டிருந்தேன். இவர் ஒவ்வொரு டிவி முன்னாலும் போய் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கடைசி வரிசை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து என் காதோரம் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாத்துலயும் நடுவுல கறுப்பா இருக்கு. நம்ம டிவியில இருக்கற மாதிரியே."

விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டேன். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை உள்ள மனுஷன். கண்ணைக் காட்ட வேண்டும் என்று ஒரு நாளாவது எனக்கு உறைத்ததா? மூன்று மாசமாக அவர் டிவியைக் குறை சொன்னார், நான் அவரைக் குறை சொன்னேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கண் டாக்டரிடம் போய் நின்றோம். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது என்றார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு பத்து நாளா இருக்கும் டாக்டர்" என்றார்.

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். எனக்குத் தாங்கவில்லை. "இல்ல டாக்டர், சித்திரையிலேருந்து சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. நான்தான் கேக்கல" என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. அப்போதே வந்திருந்தால் ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம், இனி மிச்சம் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ஆட்டோவில் ஏறியதும் உடைந்து அழுதுவிட்டேன். மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டே அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"தள்ளுபடி முடியறதுக்குள்ள ஒரு டிவியை வாங்கிடும்மா. சத்தம் நல்லா வருதான்னு பாத்து எடு, அது போதும்" என்றார்.