இரண்டு வரிசைகள் மாறின

அப்பா இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச்செலவு முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, நான் ஏன் அழவில்லை என்பதற்கு விளக்கமும் சொல்லவேண்டும். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் விறைத்துக் கிடக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

கிழக்கு லண்டனில் வாடகை வீடுகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸைப் பார்ப்பது என் வேலை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குள்தான், ஆளுக்கு ஒரு வரிசையாக. வாசல் காவலாளி வழக்கம்போல என் அட்டையைப் பார்த்து, மிஸ் போட்டு அப்பாவின் பெயரைச் சொல்லி குட் மோர்னிங் என்றார். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயரைத்தானே பின்னால் கொழுவிக்கொள்கிறோம். தலையை ஆட்டிவிட்டு மேலே போனேன்.

மதியத்துக்குச் சற்று முன் வரவேற்பு மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமாம். கீழே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், குளிர்கோட்டைக் கழற்றாமல் நின்றார். பார்க்கிங் என்ற ஊரில் தகப்பனும் அவருமாக ஒரு ஃபிளாட்டில் இருந்தவர்கள்.

"பிள்ளை, அப்பா மோசம் போனவர். நான்தான் போன் பண்ணிச் சொன்னனான். இப்ப நானும் செத்துட்டன் எண்டு உங்கட கொம்பியூட்டரில கிடக்காம். பின்னேரம் பூட்டு மாத்த ஆள் வருதாம். நான் எங்க போறது?"

பார்த்தேன். உண்மைதான். இருவருக்கும் இறந்தவர் என்ற குறி விழுந்திருந்தது. அந்தக் குறி விழுந்தால் வாடகைக் கணக்கு தானாக மூடும், பூட்டு மாற்றும் வேலைக்கு ஆளும் தானாகவே போவார்.

முதலில் பூட்டுக்காரரைப் போனில் பிடித்தேன். தன் பட்டியலில் ரத்து என்று வந்தால்தான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டார். பிறகு, அந்தக் குறியைப் போட்ட சென்னைக்காரரின் மேசைக்குப் போனேன். நல்ல புரோகிராமர், ஆனால் கை வேகம்.

"செத்தவற்ற பேரை வச்சோ தேடினனீங்கள்?"

"ஆமா அக்கா. நம்மாளுங்க பேரை இங்க முன்ன பின்ன மாத்தி ஏத்திடுறாங்கல்ல? அதான் முதல் பேரு, கடைசிப் பேரு ரெண்டுலயும் தேடினேன். அந்த அட்ரஸ்ல ரெண்டு வரிசை மாறிச்சு. ஒரே ஆளு ரெண்டு தடவ ஏறியிருக்காருன்னு நினைச்சேன்."

"விசரே உங்களுக்கு? உங்கட பாஸ்போர்ட்டில பின்னால கிடக்கிறது ஆற்ற பேர்?"

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அப்பா பேரு," என்றார்.

எத்தனை தரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்! எதையும் மாற்றுமுன் அதே தேடல் நிபந்தனையைப் போட்டு எந்த வரிசைகள் வருகின்றன என்று கண்ணால் வாசி. ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தால் கையை எடு. ஆளைப் பெயரால் பிடிக்காதே, அவருக்கென்று உள்ள எண்ணால் பிடி. ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்துவைத்து மாற்று. சரியென்று கண்டபிறகுதான் கமிட் கொடுத்து நிலைக்கவை, இல்லாவிட்டால் ரோல்பேக் கொடுத்துப் பழையபடி ஆக்கு. அன்றைக்குக் கத்துவதற்கும் எனக்குச் சத்து இல்லை.

"நேத்து எடுத்து வச்ச பேக்கப்பை அப்படியே மேல போட்டுடவா அக்கா?" என்றார்.

அட கோதாரி! அப்படிப் போட்டால் காலையிலிருந்து மற்றவர்கள் பதிந்ததெல்லாம் போய்விடும். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்? பேக்கப்பைப் பக்கத்தில் வேறு பெயரில் விரித்து, கீழே நின்ற அந்த அக்காவின் வரிசையை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தோம். குறி, கணக்கு, பூட்டு வேலை, மூன்றையும் அவருடைய எண்ணை வைத்துத் திருப்பினோம். ஒவ்வொரு தடவையும் ஒரு வரிசை மாறியது என்று வந்தது. கமிட் கொடுத்தேன். சற்று நேரத்தில் பூட்டுக்காரர் போன் எடுத்து, பாதி வழியில் திரும்பிவிட்டதாகச் சொன்னார்.

கீழே போய்ச் சொன்னேன். அக்கா கதிரையில் இருந்துவிட்டார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப அப்பாவை அழிச்சுப்போட்டியளோ?"

"இல்லையக்கா. நாங்கள் ஆரையும் அழிக்கிறேல்லை. இறந்தவர் எண்டு குறி மட்டும்தான் போடுவம்."

"என்ர பேருக்குப் பின்னால?"

"அவற்ற பேர் அப்பிடியே இருக்கும்."

"அது காணும் பிள்ளை, அது போதும். இனி அவற்ற பேரை ஆர் சொல்லப்போகினம்? என்னைக் கூப்பிட்டாத்தான் உண்டு."

நான் ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்தேன். மிச்ச வேலையைச் செய்தேன். நடந்ததை எழுதிவைத்தேன். சென்னைக்காரர் வாங்கித்தந்த கோப்பி மேசையிலேயே ஆறிப்போனது.

ஐந்தரைக்கு வெளிக்கிட்டேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டு, மிஸ் போட்டு அப்பாவின் பெயரைச் சொல்லி குட் நைட் என்றார். எட்டு நாளாக வீட்டில் யாருமே அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவர் 'அவர்' ஆகிவிட்டார்.

"ஓம்," என்றேன், தமிழில். அவருக்கு விளங்கியிருக்காது. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன்.