கிள்ளானிலிருந்து மே சாய்: தங்கச்சியின் வண்டியை நான் தயார் செய்த நான்கு சனிக்கிழமைகள்

பாப்பு, உன் வண்டியை மே சாய் வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இடது கதவில் ஒரு கீறல் இருக்கிறது. அது ஹாட் யாயில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் போட்டது, நான் இல்லை.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த இணையப் பக்கம் என் தங்கச்சி பாப்புவுடையது. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டியவள். நீங்கள் இங்கே படித்ததெல்லாம் அவள் எழுதியது. போன வருடம் தைப்பூசம் கழிந்த வாரம் நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவமனைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. நாற்பத்தொன்பது வயது. நான் அவளுடைய அக்கா. பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறேன். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது, அதனால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி என்ன ஆயிற்று என்று நிறைய பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பதில் சொல்லத்தான் இது.

மே சாய் தாய்லாந்தின் வடக்குக் கோடி. எங்கள் வீட்டிலிருந்து 2,350 கிலோமீட்டர். அங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்காகவே பாப்பு ஒரு பழைய டீசல் ஃபோர்வீல் டிரைவ் வண்டி வாங்கினாள். பின்னால் கூடு போட்டு, உள்ளே பலகையில் படுக்கை அடித்து, வண்டியை இரண்டு அங்குலம் தூக்கியும் வைத்தாள். என்னையும் கூப்பிட்டாள், ஒரு தடவை இல்லை, இருபது தடவை. "அடுப்ப விட்டுட்டு நான் எங்கடி வர்றது" என்று ஒவ்வொரு தடவையும் வாயை அடைத்தேன்.

அவள் போன பிறகு வண்டி பிளாட்டுக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. அவளுக்கு வண்டி வேலை செய்துகொடுத்த ராஜன் அண்ணன் மேரு சாலையில் பட்டறை வைத்திருக்கிறார். ஷா ஆலாமில் ஒருவர் 38,000 ரிங்கிட் தரத் தயாராக இருக்கிறார் என்று அவர் சொன்னார். எனக்கு அந்தப் பணம் பெரிய பணம். ஆனாலும் மனசு வரவில்லை. ஆண்டு இறுதி விடுமுறையில் கேண்டீன் கிடையாது. அதற்கு முன் நான்கு சனிக்கிழமைகள் இருந்தன. "அதுக்குள்ள என்னால இந்த வண்டிய தயார் பண்ணி ஓட்ட முடிஞ்சா நான் போறேன். முடியலன்னா அவருக்கே குடுத்துடுங்க" என்று ராஜன் அண்ணனிடம் சொன்னேன்.

முதல் சனிக்கிழமை சுபாங் ஜெயா. மண் சாலைக்கும் தார்ச் சாலைக்கும் பொதுவான டயர் ஐந்து, ஒன்று 460 ரிங்கிட். ஐந்தாவது மாற்று டயர், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அங்கேயே படுக்கைக்கு அடியில் இரண்டாவது பேட்டரியும் வைத்தார்கள், 780 ரிங்கிட். பாப்பு வாங்கி வைத்திருந்த சின்ன குளிர்பெட்டி அதில்தான் ஓடுகிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஏறுவதைத் தவிர. தரையிலிருந்து கால் வைக்கும் இடம் இருபத்தாறு அங்குலம், எனக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியில் ராஃபியா கயிறு கட்டி, அதன்மேல் கால் வைத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பிறகு முக்காலியைக் கிணற்றில் வாளி இறைப்பதுபோல மேலே இழுத்துக்கொண்டேன். டயர் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை சாமான் ஏற்றிக்கொண்டு ராஜன் அண்ணனிடம் போனேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, இடுப்பில் கை வைத்தார்.

"அக்கா, முன் விளக்கு வானத்தைப் பாக்குது. எத்தன பேரு போறீங்க?"

"நான் ஒருத்திதான்."

"அப்பறம் இந்த அண்டா யாருக்கு? தாய்லாந்துல ஏதும் கல்யாணம் ஒப்புக்கிட்டீங்களா?"

சமைக்கிறவள் புத்தி அப்படித்தான் போகும். இரண்டு அண்டா, கிரைண்டர், தோசைக்கல், பதினாலு கிலோ கேஸ் சிலிண்டர் தோங், இருபது கிலோ அரிசி மூட்டை எல்லாம் ஏற்றியிருந்தேன். அவ்வளவையும் பின் அச்சுக்குப் பின்னால் அடுக்கியிருந்தேன். அவர் எல்லாவற்றையும் இறக்கிப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தார். 112 கிலோ. "அரிசி விளையுற நாட்டுக்கு அரிசி கொண்டு போறீங்க லா" என்றார். ஒரு சின்ன அடுப்பு, இரண்டு சட்டி, மசாலா டப்பா, ஐந்து கிலோ அரிசி மட்டும் திரும்ப ஏறின. கனமானதைப் படுக்கைக்கு அடியில், ஓட்டுநர் சீட்டுக்கு நெருக்கமாக வைக்க வேண்டும், லேசானதைத்தான் பின்கதவுப் பக்கம் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். பாரம் தாங்க, பின்பக்க ஸ்பிரிங் வில்லில் பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்தார். கூலியோடு 460 ரிங்கிட்.

மூன்றாவது சனிக்கிழமைதான் நான் அழுத நாள். காலை ஏழேகாலுக்குக் கிள்ளானில் கிளம்பி எட்டு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் போனேன், 35 கிலோமீட்டர். கூடு போட்ட வண்டியை அடித்தளக் கார் நிறுத்தத்துக்குள் விட முடியாது, உத்தரத்தில் இடிக்கும். அதனால் சாலையோரமே நிறுத்தினேன். பாயும், இரண்டு பருத்தித் தலையணையும், முன்னால் ஒட்டிவைக்கச் சின்னப் பிள்ளையாரும் வாங்கினேன். திரும்ப ஏறிக் கயிற்றை இழுத்தபோது வெறும் கயிறுதான் மேலே வந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். முக்காலியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்தது சாலாக் செலாத்தான், எட்டு கிலோமீட்டர். வெயிலுக்கு வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் கென்வஸ் துணிக் கூரை அங்கே தைக்கக் கொடுத்திருந்தேன், 420 ரிங்கிட். கடைக்காரரே மாட்டிக்கொடுத்தார். இறங்குவது சுலபம், வழுக்கிக்கொண்டே இறங்கிவிடலாம். ஏறுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். முட்டி மடங்கவில்லை. பக்கத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்ற மலாய் அம்மாவும் கென்வஸ்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

"அக்கா, இது வண்டியா யானையா?" என்று கேட்டார் கென்வஸ்காரர்.

"யானன்னா மண்டி போடுமே அண்ணே" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன், அழுதுவிட்டேன். அந்த அம்மா ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

நடுக்காட்டில் யார் என்னைத் தூக்கிவிடுவார்கள். அங்கேயே உட்கார்ந்து ராஜன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஷா ஆலாம்காரர அடுத்த சனிக்கிழம வரச் சொல்லுங்க."

நான்காவது சனிக்கிழமை வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வாங்க வந்தவர் முப்பது வயதுக்காரர், மரியாதையான பிள்ளை. ராஜன் அண்ணன், "பாப்பு சாமான் ஏதும் மிச்சம் கெடக்கான்னு பாத்துடறேன்" என்று பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பழைய டயர்களுக்கு அடியிலிருந்து ஒரு இரும்புச் சாமானை இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு படி வைத்த சின்ன ஏணி. கதவுக்குக் கீழே மாட்டுவது. உள்ளே உட்கார்ந்தபடி ஒரு வாரை இழுத்தால் மடிந்து மேலே போய்விடும்.

"சத்தியமா மறந்தே போயிட்டேங்க்கா. பாப்பு இத வெல்டர்கிட்ட ரெண்டு தடவ திருப்பி அனுப்புனா. படிக்குப் படி ஒம்பது அங்குலத்துக்கு மேல இருக்கக் கூடாதாம்."

"அவளுக்கு எதுக்குப் படி? அவ தாவி ஏறுவாளே."

"நானும் அதத்தான் கேட்டேன். 'எங்கக்காவுக்கு முட்டி முடியாது, ஒம்பதுக்கு மேல தூக்க மாட்டா'ன்னா. மாட்டிடவான்னு நான் கேட்டதுக்கு, 'வர்றேன்னு சொல்லட்டும், அன்னிக்கு மாட்டு'ன்னா."

வெல்டர் ரசீது வாரிலேயே கட்டியிருந்தது. அவள் போவதற்கு முந்தைய ஜூன் மாதம். இந்த வண்டியை வாங்கியதற்காக அவளைக் கண்டபடி ஏசிவிட்டு, அந்த ஜூன் முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவள் கதவைத் தட்டியபோதும் திறக்கவில்லை.

வாங்க வந்த தம்பியைப் பார்த்தேன். கையிலிருந்த கிராண்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அவரே சொன்னார்: "பரவால்ல ஆன்ட்டி. மாட்டிப் பாருங்க." ராஜன் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துத் திருகாணி முடுக்க, சட்டை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல் அந்தத் தம்பிதான் படியைத் தாங்கிப் பிடித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒன்று, இரண்டு, மூன்றாவது அடியில் நான் சீட்டில் இருந்தேன். யார் கையையும் பிடிக்கவில்லை.

பயணம் இருபத்திரண்டு நாள், 4,812 கிலோமீட்டர். டீசல் ஏறக்குறைய 1,770 ரிங்கிட். ஈப்போவில் இந்தப் பக்கத்து வாசகர்கள் இரண்டு வண்டிகளில் வந்து சேர்ந்துகொண்டார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் நான். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது சோறு, அதைத்தான் போட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். வண்டி இறந்தவர் பெயரில் இருந்தால் கிராண்ட் மாற்றும் வேலையை முதலில் தொடங்குங்கள், எனக்கு ஏழு மாதம் பிடித்தது. தாய்லாந்து இன்சூரன்ஸை எல்லைக்கு முன்னாலேயே சங்லூனில் எடுத்துவிடுங்கள். எல்லையில் தாய்லாந்து சுங்கத்தில் வண்டிக்குத் தரும் தாளில் திரும்ப வேண்டிய தேதி இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். சாமான் ஏற்றிய பிறகு முன் விளக்கு எங்கே பார்க்கிறது என்று ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். அப்புறம், யார் வரப் போகிறார்களோ அவர்களை முதலில் வண்டியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். டயரெல்லாம் அதற்குப் பிறகு.

மே சாயில் ஆற்றங்கரை எல்லைத் தோரண வளைவுக்குக் கீழே காலை ஏழரைக்கு வண்டியை நிறுத்தினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. நன்றாகக் குளிர்ந்தது. இறங்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காப்பி போடலாம் என்று மறுபடி ஏறினேன். முட்டி வலிக்கவில்லை, பாப்பு. நான் கதவைத் திறக்காத அந்த மாதத்தில், என்னால் எவ்வளவு உயரம் கால் தூக்க முடியும் என்று நீ எங்கே நின்று பார்த்தாய்?