ஞாயிற்றுக்கிழமை வெட்டிய முகத்துவாரம்

வெள்ளி காலை 10.15க்கு முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் இறங்கினேன். அட்டனில் ஏறியது முதல் பட்ட பாட்டைச் சொன்னால் கட்டுரை அதோடே முடிந்துவிடும். தண்ணீரூற்றைச் சேர்ந்த ஓட்டோக்காரர் நவராசாவை மூன்று நாளைக்கும் பேசிக்கொண்டேன், நாளுக்கு ஆறாயிரம் ரூபாய். தங்கல் நான்கு கிலோமீற்றர் தெற்கே, சிலாவத்தைக் கடற்கரையில், அன்ரன் அண்ணன் வீட்டில். அவர் கடலை ஒட்டிய நந்திக்கடல் களப்பில் இறால் பிடிப்பவர். அந்தக் கரை மீன்பிடித் தொழிலாளர் அவர் சொல்லைத் தட்டுவதில்லை. முற்றத்தில் அவரும் நவராசாவும் மழையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சனி காலை 6.30க்கு நாயாற்றுக்குக் கிளம்பினோம். நவராசா திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டியே போய்விட்டார்.

"என்னண்ணே, எங்க பாத்து ஓட்டுறீங்க?" என்று சீறினேன்.

நாயாற்று மணல் மேட்டில் மூன்று தரம் ஏறி மூன்று தரமும் சறுக்கினேன். நாலாம் தரம் அடம்பன் கொடியைப் பிடித்து உச்சிக்குப் போனால், அம்மாடி! ஒரு பக்கம் இரைகிற கடல், மறுபக்கம் அசையாத களப்பு, நடுவில் வரிவரியாய் மணல். நாரைகள் என்னைச் சட்டை செய்யவேயில்லை. நவராசா மட்டும் எதையும் பார்க்காமல் குந்தியிருந்தார். கேட்டேன்.

"நந்திக்கடல் கரையில ரெண்டு ஏக்கர் வயல் வைச்சிருக்கிறன் தங்கச்சி. மூண்டு நாளா வெள்ளத்துக்குள்ள நிக்குது. மணல் மூடின முகத்துவாரத்தை வெட்டினால் களப்புத் தண்ணி கடலுக்கு வடிஞ்சிடும். இன்னும் ரெண்டு நாள் கிடந்தால் பயிர் அழுகிப்போடும்."

"வெட்ட வேண்டியதுதானே?"

"இறாலெல்லாம் தண்ணியோட கடலுக்குப் போயிடுமல்லோ! அது இறால் பிடிக்கிறவையின்ர சீவியம். அதுதான் முதல் வெட்டு தொழிலாளி போடவேணும். அதுக்கு முன்னம் வயற்காரன் கைவைக்கப்படாது. இஞ்சத்தை வழக்கம்."

"அன்ரன் அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"எந்த வாயால கேக்கிறது?"

என் வாய் சும்மா இருக்காது. இரவுச் சாப்பாட்டில், புட்டும் கணவாய்க் கறியும் பாதியில் இருக்க, நானே கேட்டுவிட்டேன்.

"இறால் இன்னும் பெருக்கேல்லை தங்கச்சி," என்றார் அன்ரன் அண்ணன். "பத்து நாள் கிடந்தால் எங்களுக்கு வருசம் தள்ளும். நாளைக்கு ஞாயிறு, தொழில் செய்யிறேல்லை. திங்கள் பாப்பம்."

"திங்கள் என்னத்தைப் பாக்கிறது? பயிரை அடக்கம் பண்ணவோ?" என்றார் அவர் மனைவி ஸ்ரெல்லா அக்கா. அன்ரன் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார். சாப்பிட வந்த இடத்தில் வீட்டுக்குள் சண்டை மூட்டிவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

ஞாயிறு 9.40, வட்டுவாகல், நந்திக்கடலின் முகத்துவாரம். நந்திக்கடல் என்றதும் நம் எல்லோருக்கும் வருகிற இறுதிப் போரின் நினைவு எனக்கும் வந்தது. அதைப் பற்றி நவராசா பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஐம்பது அடி அகல மணல் திட்டு. இந்தப் பக்கம் தளும்பும் கபில நிறத் தண்ணீர், அந்தப் பக்கம் அலை. வயற்காரர் நாலு பேர் மண்வெட்டிகளைப் பக்கத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் மண்ணைத் தொடவில்லை.

10.20க்கு ஒரு மோட்டார் சைக்கிள். தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, வெள்ளை முழுக்கைச் சட்டையில் அன்ரன் அண்ணன். அவருக்குப் பின்னால் சைக்கிள்களில் இன்னும் ஐந்தாறு தொழிலாளர். அவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார்.

நவராசா பதறி எழும்பினார். "அண்ணை, இண்டைக்கு ஞாயிறல்லோ! தொழில் செய்யமாட்டியளே!"

"இது தொழிலே? நட்டமடாப்பா!" என்றபடி அவர் முதல் வெட்டைப் போட்டார்.

பிறகு எல்லோரும் இறங்கினார்கள். ஒரு மணித்தியாலத்தில் சின்ன வாய்க்கால். அதன்பின் தண்ணீரே மிச்சத்தைத் தோண்டிக்கொண்டு பாய்ந்தது. வயற்காரர் கூவினார்கள். அன்ரன் அண்ணன் சேற்றுச் சட்டையோடு ஓரமாய் நின்று, போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கள் காலை பஸ்ஸுக்குப் போகும் முன் நவராசா என்னைத் தன் வயலுக்குக் கூட்டிப்போனார். வெள்ளத்துக்கு மேலே ஒரு சாண் பச்சை நுனிகள். அட்டனில் எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் தன் பாட்டில் பள்ளத்துக்கு ஓடிவிடும். அதற்காக நாங்கள் யாரிடமும் போய் நின்றதில்லை. இங்கே ஒரு மனிதர் தன் வருசத்து இறாலைக் கடலுக்கு விட்ட பிறகுதான் அந்த நுனிகள் வெளியே வந்திருந்தன.