அம்மாவுக்கு மருந்து வாங்கப் போன மூவர்

போனவர்கள் மூன்று பேர் — அப்பா, மாமா, நான். வராதவர் ஒருவர்தான், அம்மா. நோயாளி அவர்தான் என்பது மட்டும் ஒரு சின்னக் குறை.

எங்கள் பக்கம் இது புதிதில்லை. வீட்டுப் பெண்ணுக்குத் தலைவலி என்றால் பார்மசிக்கு ஆண்தான் போவார். "வீட்டுல ஒரு தலைவலி" என்பார். யாருக்கு, எந்தப் பக்கம், எத்தனை நாளாக... அதெல்லாம் கேட்கக்கூடாது. ஆக, மாதவிடாய் நிற்கிற வயதின் தொல்லைக்கு மூன்று ஆண்கள் கிளம்பிப் போனதில் என்ன ஆச்சரியம்?

கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. கல்லாவில் இருபது வருடமாக அம்மாதான். கொஞ்ச நாளாகத் திடீர் திடீரென்று அவருக்கு உடம்பு கொதிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் தூக்கமில்லை. பகலில் கோபம். எல்லாத் தேங்காயையும் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் கிளம்பிய ஒருவரிடம், "அந்தத் தட்டு தட்டுனீங்களே, உள்ள யாரும் இல்லையாமா?" என்று கேட்டேவிட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு அப்பா எடுத்த முடிவு — அம்மா இனி வீட்டில் ஓய்வெடுக்கட்டும், கல்லாவுக்கு மாமா. மாமா அம்மாவின் சொந்தத் தம்பி. அக்காவின் உடம்பைப் பற்றி அவருக்கு ரொம்பக் கவலை. கல்லாச் சாவி எத்தனை இருக்கிறது என்று அப்போதே கேட்டார்.

"கல்லாவ விட்டுட்டு வீட்டுச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தா எனக்கு நெசமாவே பைத்தியம் புடிச்சிரும்," என்றார் அம்மா.

கடைசியில் ஒரு மாதம் கெடு. குணமானால் கல்லா. இல்லையென்றால் சுவர்.

வீட்டில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் நான். அதனால் காய்ச்சல், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாமே என் துறைதான். இன்டர்நெட்டில் படித்துத் தள்ளி, கண்டி டவுனில் சீன வைத்தியம் பார்க்கும் ஒரு டொக்டரைக் கண்டுபிடித்தேன். அம்மாவையும் கூப்பிட்டால், "அப்ப கடைய யாரு பாக்குறது?" என்றார் அப்பா. கல்லாவுக்கு லாயக்கில்லாதவரிடம் கல்லாவை ஒப்படைத்துவிட்டு, அவருக்கே மருந்து வாங்கக் கிளம்பினோம்.

டொக்டர் ஒரு முஸ்லிம் பெண்மணி. சீனாவில் படித்தவர்.

"யாருக்கு வருத்தம்?"

"வீட்டுல," என்றார் அப்பா.

"வீட்டுல யாருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். விசயத்தை நான் சொன்னேன்.

"சரி. ராவைக்கு அவங்க தூங்குறாங்களா?"

"அதெல்லாம் நல்லா தூங்குறா," என்றார் அப்பா.

"நீங்க பாத்தீங்களா?"

"நான்தான் தூங்கிருவேனே!"

"எந்த நேரம் சூடு கூடுது?"

"மச்சான் வாயத் தொறந்தா," என்றார் மாமா.

டொக்டர் பேனாவை மூடினார். "நாங்க நாடி பாக்கணும், நாக்கு பாக்கணும். ஆளில்லாம எப்பிடி மருந்து தாரது?"

அப்பா விடுவாரா? அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தார். "இந்தா, டொக்டர் பாக்கணுமாம். நாக்க நீட்டு."

"கடை நெறைய ஆளு நிக்கிது! எல்லார் முன்னாலயும் நாக்க நீட்டவா? அறிவிருக்கா ஒங்களுக்கு?"

கோல் கட்.

"இப்ப வந்திருச்சு டொக்டர், சூடு," என்றார் மாமா.

அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு திரும்புவதா? நோயாளியின் கதிரையில் இருந்த அப்பா, "அப்ப எனக்குப் பாருங்க" என்று கையை நீட்டினார். அவருக்கு வயிற்றுக் கோளாறாம் — மூலிகைப் பொட்டலம். மாமாவுக்குத் தோள்வலி — ஊசிகள் குத்தப்பட்டு முள்ளம்பன்றி போலக் கிடந்தார். படித்தவன் சும்மா இருக்கலாமா? முடி கொட்டுவதைப் பற்றி நான் கேட்டேன். எனக்கும் ஒரு பொட்டலம்.

கடைக்கு வந்ததும் அம்மா பைகளைத் திறந்து பார்த்தார். "இதுல எனக்கு எது?"

அப்பா தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார், நான் என்னுடையதை, மாமா தோளைத் தடவினார்.

"ஏங்க, மூணு பேருக்குமா நின்னுபோச்சு?"

மறுநாள் காலை அம்மா தனியாகக் கண்டி பஸ் ஏறினார். கல்லாவில் மாமா. மதியத்துக்குள் மூன்று வாடிக்கையாளர்களோடு சண்டை. அவருக்கு எந்த வயதின் தொல்லை என்று யாரும் கேட்கவில்லை. ஆணுக்குக் கோபம் வந்தால் அது குணம். பெண்ணுக்கு வந்தால்தானே நோய்!

பின்னேரம் அம்மா வந்தார். டொக்டர் ஒரு மணி நேரம் பேசினாராம். நாடி, நாக்கு எல்லாம் பார்த்து மூலிகை கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியிலும் பிரஷரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம்.

"வேலைய விடச் சொன்னாங்களா?" என்றார் அப்பா, கொஞ்சம் ஆசையாகவே.

"கேட்டேன். சூடு வந்தா ரெண்டு நிமிசம் வெளிய நின்னு காத்து வாங்கச் சொன்னாங்க. வேலைய எதுக்கு விடணும்னு என்னையவே கேட்டாங்க." பிறகு தம்பியிடம் திரும்பினார். "எந்திரிடா."

மாமா எழுந்தார். கெடுவைப் பற்றி அப்பா அப்புறம் மூச்சுவிடவில்லை.

மருந்து வேலை செய்கிறதா? சூடு இன்னும் வருகிறது. முன்னைவிடக் குறைவு என்கிறார் அம்மா. சீன மூலிகையாலா, அவருக்கு என்ன செய்கிறது என்று ஒருவராவது அவரிடமே கேட்டதாலா... என் இன்டர்நெட்டில் அதற்குப் பதில் இல்லை.

அம்மாவின் வைத்தியத்துக்கு மொத்தச் செலவு இருபதாயிரத்து எண்ணூறு ரூபா — அதில் அம்மாவுக்கு ஆனது, பஸ் காசோடு சேர்த்து, நாலாயிரத்து நூறு.