குளித்துக்கொண்டிருந்த விண்ணப்பதாரர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். பாஸ்போர்ட் முடிய ஐந்து மாதம் இருந்தது. தை மாதத்தில் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டிய ஒரே அண்ணன் நான். ஆறு மாதத்துக்குக் குறைவாக உள்ள பாஸ்போர்ட்டில் விமானம் ஏற விடமாட்டார்கள்; புதிதாக எடுத்தாக வேண்டும். தூதரகத்தில் மனு கொடுத்தேன். ஊரில் போலீஸ் வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதி அனுப்பினால் போதும், சும்மா ஒரு சடங்குதான் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. எங்கள் அம்மாவை அவருக்குத் தெரியாது.

எங்கள் வீடு புதுச்சேரியில், சாரத்தில். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எழுபதுகளில் மில்லில் ஸ்ட்ரைக் என்றால் எங்கள் தெருவுக்குச் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ் ஆட்களைத் தேடி வரும். தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை. அம்மா இதில் கைதேர்ந்தவள். ஒருமுறை கட்டிலுக்கடியிலிருந்து அப்பா தும்மிவிட்டார். "பூனைக்கு சளிங்க" என்று சொல்லிப் போலீசை அனுப்பிவைத்தாள்.

அதனால் ஒரு நாள் ஏட்டு ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, என் பெயரைச் சொல்லி, "இந்த வூட்டு ஆளாம்மா?" என்று கேட்டதும் அம்மா யோசிக்கவே இல்லை.

"அப்படி யாரும் இங்க இல்லிங்க."

அவர் பக்கத்து வீட்டில் கேட்டார். இல்லை. எதிர் வீட்டில் கேட்டார். இல்லை. தெருமுனை மளிகைக்காரர் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் ஒருபடி மேலே போய், "அந்தப் பேர்ல இந்தத் தெருவுல யாரும் பொறக்கவே இல்லிங்க" என்று சாதித்திருக்கிறார். இதையெல்லாம் தங்கை பெருமையோடு எழுதியிருந்தாள். "அண்ணா, என்ன பிரச்சினையென்று தெரியவில்லை. ஆனால் பயப்படாதே, தெருவே உன் பக்கம்."

தலையில் அடித்துக்கொண்டேன். மறு விசாரணைக்கு மனுப் போட்டுவிட்டு, வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த முறை போலீஸ் வந்தால் நான் உன் மகன் என்று சொல், இந்த வீடுதான் என் வீடு என்று சொல். கோபத்தில் மூன்று முறை அடிக்கோடு போட்டேன். தப்பு அங்கேதான். அடிக்கோடு போட்டால் அம்மா அதை அளவுக்கு மேல் நம்பிவிடுவாள்.

அதே ஏட்டு மறுபடியும் வந்தார்.

"எம் புள்ளதாங்க. இங்கதான் இருக்கான்" என்றாள் அம்மா.

"எங்க, கூப்புடுங்க."

அம்மா தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு, "குளிக்கிறான்ங்க" என்றாள்.

ஏட்டு உட்கார்ந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து அவர் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்க, அம்மா ஓடிப்போய்க் குளியலறைக்குள் நுழைந்து நாலு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். சத்தம் கேட்கவேண்டுமாம். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது காப்பியும் தீர்ந்தது. கடைசியில் அம்மா நனைந்த புடவையோடு வந்து, "பின்பக்கமா போயிட்டான்ங்க" என்றாள்.

தூதரகத்துக் குமாஸ்தா இரண்டு அறிக்கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவற்றின்படி நான் அந்த முகவரியில் இல்லாதவன், பிறக்காதவன், புதுச்சேரியில் ஒரு மணி நேரம் குளித்தவன், போலீசிடமிருந்து தப்பி ஓடியவன். இன்னும் ஒரே ஒரு முறை விசாரிக்கச் சொல்வதாகச் சொன்னார்.

கல்யாணத்துக்கு ஏழு வாரம்தான் இருந்தது. பெரியப்பா மகனை மாப்பிள்ளைத் தோழனாக நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. குடியால் அவன் நேராக நடந்தே நான் பார்த்ததில்லை.

இனி எழுத்தை நம்பிப் பயனில்லை. போன லீவில் வீட்டுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறையில் அறையில் உட்கார்ந்து ஒரு கேசட்டில் பேசினேன். "அம்மா, நெசத்த மட்டும் சொல்லு. நான் மஸ்கட்ல இருக்கேன், அவ்ளோதான். அந்தச் சேப்புத் தொப்பிக்கு மூள இருந்தா ஒரு மணி நேரமா எவன் குளிப்பான்னு யோசிச்சிருக்க வேணாமா?" என்று ஆரம்பித்தேன். பேசப் பேச, எப்படியோ நெத்திலிக் குழம்புக்குப் போய்விட்டேன். அங்கிருந்து தங்கைக்கு. பிறகு அழுதுவிட்டேன். மெஷினை நிறுத்த மறந்து, மூக்குச் சிந்தியதுவரை பதிவாகிவிட்டது. ஊருக்குப் போன அரியாங்குப்பத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

பதில் கேசட் மூன்று வாரத்தில் வந்தது. போட்டுக் கேட்டேன்.

"தம்பி, நெசத்த நான் சொன்னா கொழப்பிடுவேன். அதான் நீ பேசுனதயே ஏட்டு ஐயாவுக்குப் போட்டுக் காட்டிட்டேன்" என்றது அம்மாவின் குரல்.

முழுதுமா? மூக்குச் சிந்தியதுவரையா? அடுத்து ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமியது.

"தம்பி, அந்த மூள இல்லாத சேப்புத் தொப்பி பேசறேன். நீ வெளிநாட்ல இருக்கன்னு எழுதிட்டேன். ஊர்ல இருக்கறவன் எவனும் நெத்திலிக் கொழம்புக்காக இப்படி அழ மாட்டான். வந்து சேரு." பிறகு, "அம்மா, இத எப்படி நிறுத்தறது?"

"தெரியலிங்க. தானா நின்னுடும்."

மீதி இருபது நிமிடமும் காப்பி உறிஞ்சும் சத்தமும் காக்கையும்தான். ஒரு நொடி விடாமல் கேட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வீடு வந்து சேர்ந்தேன். பயண அழுக்குப் போகக் குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அம்மாவே பத்திரிகை வைத்து அழைத்திருந்தாளாம்.

"புள்ள வந்துட்டானா?" என்றது கேசட்டில் கேட்ட அதே குரல்.

"வந்துட்டான்ங்க. குளிக்கிறான்."

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பிறகு பூட்ஸ் காலடி நேராகத் தோட்டத்துப் பக்கம் வந்தது. கதவைத் தட்டினார். துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் சோப்பு நுரையோடு திறந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின்னால் வந்து நின்ற அம்மாவிடம் திரும்பினார்.

"இந்த வூட்டு ஆளாம்மா?"

அம்மா என் ஈரக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வூட்டு ஆள்தாங்க" என்றாள்.