அப்பாசாமியின் பெட்டி

நான் இரண்டாம் வகுப்பு தாண்டாதவன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒற்றை வேட்டியோடு வந்து, தெருத்தெருவாகத் தலையில் சுமந்து பாத்திரம் விற்று, இன்று திருவண்ணாமலையில் மூன்று ஷட்டர் போட்ட கடைக்கு முதலாளி. ராஜமாணிக்கம் என்றால் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரனும் வழி சொல்லுவான். காசின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் என் தங்கை பாஞ்சாலையின் புருஷன் அப்பாசாமியைச் சிக்கனக்காரன் என்று யாராவது சொன்னால், எனக்குக் கை பரபரக்கிறது.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்து நிலத்துக்கு விலை ஏற, ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அவனுடைய மல்லாக்கொட்டைக் காடு வீட்டு மனைகளாக விற்றது. வந்த பணத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். பெட்டியைத் திறக்கும்போது பாஞ்சாலையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போடுவான். பௌர்ணமிதோறும் கிரிவலம் போவான். எல்லாம் வழிநெடுகக் கொடுக்கும் அன்னதானத்துக்காக! ஒயர் கூடை நிறையப் பொட்டலம் வந்தால் மறுநாள் வீட்டில் அடுப்பு எரியாது.

தொண்ணூற்றாறாம் வருஷம் கார்த்திகை. மலையில் தீபம் ஏற்றியதும் என் வீட்டு மாடியில் நின்ற பாஞ்சாலை, "அண்ணா, தீபத்தச் சுத்தி வட்ட வட்டமா கலர் கலரா தெரியுது" என்றாள். சாமி அவளுக்குக் காட்சி கொடுக்கிறார் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நானும்தான். அடுத்த வாரம் என் கடை ட்யூப்லைட்டைச் சுற்றியும் அதே வட்டம் என்றாள். ட்யூப்லைட்டில் என்ன சாமி? உடனே டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் அழுத்தம், தினமும் மருந்து விட வேண்டும், வேலூர் போய் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார். ஒரு புட்டி மருந்து சும்மாவே கொடுத்தார்.

அப்பாசாமி அசையவில்லை. "சாமியே காட்டுறாரு, டாக்டரு இன்னாத்துக்கு மச்சான்? இலவச முகாம் போடுவாங்க, அப்ப பாத்துக்கலாம்."

"யோவ் மாப்ள, முகாம் வர்ற வரைக்கும் கண்ணு காத்துக்கினு இருக்குமா? உன் காசு வாணாம். இந்தா புடி."

மூலையில் மஞ்சள் தடவிய கவரில் பத்தாயிரம் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். நானே கூட்டிப்போயிருக்கலாம். கட்டியவன் கூட்டிப்போவதுதான் மரியாதை என்று கௌரவம் பார்த்தேன். கடையில் பொங்கல் வியாபாரம் வேறு.

"வேலூர் டாக்டருகிட்ட மருந்துச் சீட்டக் காட்டிக் கேட்டுட்டேன் மச்சான். ஆபரேஷன் வாணாம், மருந்தே போதும்னுட்டாரு" என்றான் அப்பாசாமி. பாஞ்சாலையும், "தினம் அவரே உடுறாரு அண்ணா" என்றாள். ஊரையே எடை போட்டுப் பார்த்து வியாபாரம் செய்தவன் நான். இந்தப் பயலிடம் ஏமாந்தேன்.

இரண்டாயிரத்தில் அவளுக்கு முழுசாக இருட்டிவிட்டது. நானே வேலூருக்குக் கூட்டிப்போனேன். "மூணு வருஷம் முன்னாடி வந்திருக்கணும். இதுவரைக்கும் என்ன மருந்து விட்டீங்க?" என்றார் டாக்டர்.

"மொதப் புட்டி எரிஞ்சுது சார். அப்புறம் உட்டதெல்லாம் கல்யாண வீட்டுப் பன்னீர் மாதிரி வாசனையா இருந்துச்சு" என்றாள் என் தங்கை.

தீர்ந்த புட்டியில் பன்னீரை நிரப்பி விட்டிருக்கிறான்! நேராக வேங்கிக்கால் வந்தோம். கதவு திறந்தே கிடந்தது. அப்பாசாமி பெட்டியைத் திறந்துவைத்து எண்ணிக்கொண்டிருந்தான். முன்னால் நுழைந்த பாஞ்சாலையைப் பார்த்தும் மூடவில்லை. கண் தெரியாதவள்தானே! பின்னால் என்னைக் கண்டதும்தான் மூடியில் கை வைத்தான். தடுத்துப் பிடித்தேன். மேலேயே என் கவர். ஒட்டியது பிரியவில்லை.

"இன்னாடா இது?"

"ஒரு பைசா தொடல மச்சான். ஏதாச்சும் செலவு வந்தா வேணுமேன்னு பத்திரமா வச்சிக்கினு இருக்கறன்."

கையை ஓங்கிவிட்டேன். "அடிக்காதண்ணா" என்றாள் பாஞ்சாலை. "ஆஸ்பத்திரி செலவுக்கு உன்னத்தான் கேப்பாரு."

கவரை எடுத்து மடியில் செருகினேன். அவள் தடவித் தடவி நாலு புடவையைப் பையில் போட்டுக்கொண்டாள். கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். தெருமுனை போவதற்குள் அவன் ஓடிவந்தான்.

"மச்சான்! மச்சான்!"

பாஞ்சாலை நின்றாள். தன்னைத்தான் கூப்பிட வந்திருக்கிறான் என்று நினைத்தாள் போல, பையைக்கூடக் கீழே வைத்தாள்.

"மச்சான், அந்தக் கவரு... எனக்குன்னு குடுத்ததுதானே?"

அவள் குனிந்து பையைத் தேடி எடுத்தாள்.

"நட அண்ணா. பஸ்ஸு போயிடும்."