எதிர்வீட்டு ஐஸ் பாறை

அப்போது தென்காசியில் எங்கள் தெருவுக்கே ஒரு பிரிட்ஜ்தான். அது எதிர்வீட்டு அண்ணாச்சியின் முன்கூடத்தில் நின்றது. அண்ணாச்சிக்குக் கொழுத்த கழுத்து, ஜவ்வாது மணம், தோளில் சரிகைத் துண்டு. குற்றால சீசனுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்காகவும் அந்தத் துண்டால் கைப்பிடியைத் துடைத்து, கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு பெருமை பேசுவார். அத்தனை பெருமைக்கும் உள்ளே அவருடையதாக இருந்தது ஒரு சொம்புத் தண்ணீர் மட்டுமே. சாரல் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து, ஐஸ் பாறையாகத் திரண்டது.

என் மனைவியின் இன்சுலின் புட்டியையும் அங்கேதான் வைத்திருந்தோம். உறைந்தால் அந்த மருந்து வீண்.

"அண்ணாச்சி, ஒருநாள் கரண்டை நிறுத்தி ஐஸை உருக விடுங்களேன். கதவையும் அடிக்கடி திறக்காதீங்க" என்றேன்.

"சீசன் முடியட்டும் தம்பி. ஐஸ் இல்லாத பிரிஜ்ஜை எவன் வந்து பாப்பான்?"

மறுவாரம் ஒரு காலையில் ஊசிக்கு மருந்தெடுக்கப் போனேன். புட்டி ஐஸுக்குள் புதைந்திருந்தது. அவரே கரண்டியால் நெம்பியெடுத்து, கூடத்திலிருந்த விருந்தாளிகளிடம் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியளா, மருந்தையே கல்லாக்கிட்டு! என்னா பவருங்கிய!"

முகமெல்லாம் சந்தோஷம். அதில் துளி வஞ்சகம் இருந்திருந்தால், அந்த மனிதரை என்றைக்கோ மன்னித்துத் தொலைத்திருப்பேன்.